(0, −2) எங்கே வைப்பது? நேர்கோட்டு வரைபடத்துக்கு ஒரு யோசனை தேவை

கணக்கு ஆசிரியர்களே, ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு உதவி.

2எக்ஸ் − 3ஒய் = 6 என்பதை ஒய் = (2/3)எக்ஸ் − 2 என மாற்றுவதுவரை பிள்ளைகளுக்குச் சிக்கலில்லை. அட்டவணையில் எக்ஸுக்கு 1, 2 போட்டால் ஒய் −4/3, −2/3 என வருகிறது. குத்துமதிப்பாகப் புள்ளி வைக்க, கோடு கோணுகிறது. பின்னத்தின் பகுதி (கீழ் எண்) 3 என்பதால் எக்ஸுக்கு −3, 0, 3 போடச் சொன்னால் −4, −2, 0 என முழு எண்களே கிடைக்கும். மூன்றாவது புள்ளி சரிபார்க்க. இரண்டே புள்ளி என்றால், தப்பாக இருந்தாலும் ஸ்கேல் கோடு போட்டுவிடுமே!

தீராதது (0, −2)தான். "முதலில் குறுக்கே, பிறகு மேலே கீழே" என்று சொல்லியும், பூஜ்யத்தைத் தாண்டிப்போய் −2ஐக் குறுக்கே நகர்த்தி (−2, 0)இல் வைக்கிறார்கள்.

கோடு அச்சுகளை வெட்டும் இடங்களைக் கண்டு வரையும் வெட்டுத்துண்டு முறையில் தொடங்கலாமா என்றால், அதில் வருவதெல்லாம் அச்சுமேல் உள்ள புள்ளிகளே. ஒய் = 2எக்ஸ் போன்றவற்றுக்கு ஆதிப்புள்ளி ஒன்றுதான் கிடைக்கும். அதனால் அட்டவணைதான் முதலில் என்பது என் கட்சி.

அச்சுமேல் அமையும் புள்ளிகளுக்கென்றே பயிற்சித்தாள் இருந்தால் பகிருங்கள். இரு அச்சிலும் 1 செ.மீ = 1 அலகு போதும். கணினி இல்லை, பென்சிலும் வரைபடத்தாளும்தான்.