ஒன்பதாம் வகுப்பில் புவியியல்: எடுக்கலாமா, விடலாமா?

கோடைமேகம்:
மகள் எட்டாவது முடிக்கப் போகிறாள். அடுத்த வருடம் புவியியல், கணினி இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். அவள் அட்லஸை விரித்தால் சாப்பிடக்கூட வரமாட்டாள். அவள் அப்பாவோ, “தலைநகரங்களை மனப்பாடம் பண்ண ஒரு பாடமா?” என்கிறார். படித்தவர்கள், பாடம் எடுப்பவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

நேர்கோடு:
நான் அப்பா கட்சி. நீளமான நதி, உயரமான சிகரம், எந்த நாட்டில் என்ன கனிமம் என்று வருடக்கணக்கில் உருப்போட்டேன். பரீட்சை எழுதிய அன்று சாயங்காலமே எல்லாம் காலி. உருப்படியாக இருந்த பகுதிகள் எல்லாம் கடன் சரக்கு. காற்றழுத்தம் இயற்பியலிலிருந்து, மண் வேதியியலிலிருந்து, புவித்தட்டுகள் நிலவியலிலிருந்து. கண்டங்கள் நகர்கின்றன என்று 1912-இல் சொன்ன வேகனர்கூட வானிலை ஆய்வாளர்தான். ஹார்வர்டு பல்கலைக்கழகமே 1948-இல் இந்தத் துறைக்கு மூடுவிழா நடத்தியது. சும்மாவா மூடியிருப்பார்கள்?

பழைய அட்லஸ்:
முப்பது வருடம் இந்தப் பாடத்தை எடுத்தவன் என்பதால் என் சாய்வு தெரிந்ததே. மனப்பாடக் குற்றச்சாட்டை ஒத்துக்கொள்கிறேன். கேள்வித்தாள் எப்படியோ, பாடமும் அப்படியே ஆகிவிடுகிறது.

ஆனால் வகுப்பில் நான் முதல் நாள் செய்வது இது. சுவரில் மெர்கேட்டர் முறையில் போட்ட உலகப் படம், மேசையில் பூமி உருண்டை. “கிரீன்லாந்து பெரிசா, ஆப்பிரிக்கா பெரிசா?” சுவரைப் பார்த்தவர்கள் ‘ஏறக்குறைய ஒண்ணுதான்’ என்பார்கள். உருண்டையில் ஒரு டிரேசிங் தாளை வைத்து கிரீன்லாந்தை வெட்டி, ஆப்பிரிக்கா மேல் அடுக்கச் சொல்வேன். சுமார் 14 துண்டு பிடிக்கும். வகுப்பில் ஒரே சத்தம். அப்புறம்தான் காரணத்துக்குப் போவேன். 1569-இல் மெர்கேட்டர் அந்தப் படத்தை மாலுமிகளுக்காகப் போட்டார். திசைகாட்டியை ஒரே கோணத்தில் பிடித்துப் போனால் படத்தில் அது நேராக விழ வேண்டும். அதற்காகத் துருவம் நெருங்க நெருங்க நிலத்தை இழுத்து ஊதவேண்டி வந்தது. எந்தப் படமும் எதையோ காப்பாற்ற வேறு எதையோ விட்டுக்கொடுக்கும். இதை இயற்பியல் வகுப்பில் யார் சொன்னார்கள்?

(அந்தப் படத்தில் நேர்கோடு பெரும்பாலும் குறுக்குவழியே அல்ல. உங்கள் பெயரைச் சொல்லவில்லை ஐயா!)

நேர்கோடு:
ஹா ஹா, சரி. ஆனால் சார், உங்களை மாதிரி ஒருவர் கிடைத்தால் எந்தப் பாடமும் நல்ல பாடம்தான். கோடைமேகத்தின் மகளுக்குக் கிடைக்கப்போவது நீங்கள் இல்லையே.

கரையோரம்:
2004 சுனாமியை யாரும் சொல்லக் காணோம். தாய்லாந்தில் மாய்காவ் கடற்கரைக்குக் குடும்பத்தோடு வந்திருந்த டில்லி ஸ்மித் என்ற பிரிட்டன் சிறுமி, கடல் நுரைத்துப் பொங்கிய விதத்தைப் பார்த்ததும் இது சுனாமி என்று அலறினாள். இரண்டு வாரம் முன்புதான் புவியியல் வகுப்பில் படித்திருந்தாள். கடற்கரையையே காலி செய்தார்கள், உயிர்கள் தப்பின. இந்தப் பாடம் எதற்கு என்று அவளைக் கேளுங்கள்.

நேர்கோடு:
அவளுக்கு அப்போது 10 வயது. அதாவது தேவையானதைத் தொடக்கப்பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்துவிட முடிகிறது. இது என் கட்சிக்குச் சாட்சி.

பழைய அட்லஸ்:
நல்ல அடி. ஒத்துக்கொள்கிறேன்.

தரவுக்காரி:
எனக்குக் கணினி, வரைபடம் இரண்டும் பிழைப்பு. அதனால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நிரல் எழுதுவதில் புலியான ஒரு சக ஊழியர், வாடிக்கையாளர் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று படம் போட்டு அறிக்கை கொடுத்தார். ஆப்பிரிக்காவுக்கு மேற்கே ஓரிடத்தில் பெரிய சிவப்பு வட்டம். ‘இங்கே அடர்த்தி அதிகம், கிளை திறக்கலாம்’ என்று கீழே குறிப்பு வேறு. அது கினியா வளைகுடா, நடுக்கடல்! முகவரி விடுபட்ட பதிவுகளுக்கெல்லாம் நிரல் 0 அட்சரேகை, 0 தீர்க்கரேகை என்று போட்டுவிட்டது. நிரலில் பிழை வருவது சகஜம். அந்த வட்டத்தைப் பார்த்ததும் ‘அங்கே தண்ணிதானே இருக்கு’ என்று அவருக்கு உறைக்கவில்லை பாருங்கள், அதுதான் என் கவலை.

அப்புறம் நேர்கோடு அவர்களே, கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அதே ஹார்வர்டு 2006-இல் புவியியல் பகுப்பாய்வுக்கென்று ஒரு மையம் திறந்தது.

நேர்கோடு:
மையம் திறந்தார்கள், துறையைத் திறக்கவில்லை. அது ஒரு கருவி, எல்லாத் துறைக்கும் பயன்படும் என்றுதானே அர்த்தம்? கருவியைக் கணினிப் பாடத்தில் நாலு வாரம் சொல்லிக்கொடுத்தால் போதாதா?

பழைய அட்லஸ்:
போதுமா என்று பார்ப்போம். ஒரு தாளில் சமஉயரக் கோடுகள், அதாவது ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள். உயர எண்களை அழித்துவிட்டேன். ஒரு ஓடை கோடுகளைக் குறுக்கே வெட்டிப் போகிறது. வெட்டும் இடத்தில் ஒவ்வொரு கோடும் அம்பு முனை மாதிரி கூர்மையாக வளைகிறது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்?

நேர்கோடு:
அம்பு காட்டும் பக்கம். ஐந்து நொடி ஆயிற்று.

பழைய அட்லஸ்:
எதிர்ப்பக்கம். கரையில் நின்றபடி, உயரம் ஏறாமல் இறங்காமல் அக்கரைக்கு நடந்து போகப் பாருங்கள். ஓடை கிடப்பது பள்ளத்தில். நேரே குறுக்கே போனால் இறங்கிவிடுவீர்கள். அதே உயரத்தில் இருக்க ஓடையின் மேற்பக்கமாக நடந்து, மட்டம் சரியாகும் இடத்தில் தாண்டி, அக்கரை வழியே திரும்பி வரவேண்டும். நீங்கள் நடந்த தடம்தான் அந்த அம்பு. முனை எப்போதும் ஓடை பிறக்கும் பக்கம்.

நேர்கோடு:
படம் போட்டுப் பார்த்தேன், சரிதான். தோற்றது நான்தான், என் வாதம் இல்லை. இதைக் கணக்கு வாத்தியாரும் சொல்லித்தரலாமே.

பழைய அட்லஸ்:
தரலாம். உங்களுக்குத் தந்தாரா?

கோடைமேகம்:
அந்தக் கேள்வியை வீட்டில் போட்டேன். மகளும் அம்புப் பக்கம்தான் என்றாள், அவள் அப்பாவும். இப்போது இருவரும் என் போர்வையை மடித்துப் பள்ளம் பண்ணி, சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். படிவம் கொடுக்க வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது. போர்வையைத்தான் இன்றே துவைக்க வேண்டும்.