மழை நாளில் குளியலறை வழியே ஏறும் நீர்: வால்வு போட்டுக்கொள்வதா, கால்வாயைச் சீராக்கக் கேட்பதா?

ஈஜிபுரா வாசி
பெங்களூரு ஈஜிபுராவில் எங்கள் தெருவில் பெருமழை பெய்தால், தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் வாசல்படி தாண்டி வருவதற்கு முன்பே குளியலறைத் தரையில் நீர் வடியும் நானி டிராப் வழியாக ஏறிவிடுகிறது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிய தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்துவிட்டதால், வீட்டுத் தரை இப்போது தெரு மேன்ஹோல் மூடியைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. குழாய் நிரம்பினால் நீர் தனக்குக் கிடைக்கும் மிகத் தாழ்ந்த திறப்பைத்தான் தேடும். அந்தத் திறப்பு நம் வீட்டுக் குளியலறை. ஆகவே காம்பவுண்டுக்குள் இருக்கும் கழிவுநீர்க் குழாய்கள் சேரும் கடைசி சேம்பரில், நீரை வெளியே மட்டும் போகவிடும் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வை வீட்டுக்காரர்கள் தாங்களே பொருத்திக்கொள்ள வேண்டும் என்கிறேன். ராஜகாலுவே என்னும் பெரிய மழைநீர்க் கால்வாய் சீராகட்டும் என்று காத்திருந்தால் பீரோவின் கால்கள்தான் துருப்பிடிக்கும்.

வாடகைக்காரி
உங்கள் யோசனையை நான் ஏற்கவில்லை. நம் தெருவுக்கு வரும் நீர் நம் தெருவில் பெய்தது மட்டுமல்ல. மெஜஸ்டிக் பக்கம் தொடங்கி சாந்திநகர், கோரமங்கலா வழியாகப் பெள்ளந்தூர் ஏரிக்கு இறங்கும் பள்ளத்தாக்கில் நாம் குடியிருக்கிறோம். பக்கத்து எஸ்.டி. பெட் லேஅவுட் என்பதே சினிவாகிலு ஏரியின் படுகை. ஏரியிலிருந்து ஏரிக்கு நீரைக் கொண்டுசென்ற கால்வாய்களைக் குறுக்கி, சாக்கடையையும் அவற்றிலேயே விட்டுவிட்டு, இப்போது ஒவ்வொரு குடும்பமும் தன் செலவில் ஒரு மூடி வாங்கிக்கொள்ளட்டும் என்பது எந்த ஊர் நியாயம்? கால்வாயோரம் கட்டடம் கட்டாமல் விடவேண்டிய இடைவெளியை 2016-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் பெரிய, நடுத்தர, சிறிய கால்வாய்களுக்கு முறையே 50, 35, 25 மீட்டர் என்று கூட்டியது. 2019-இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. நாம் கேட்க வேண்டியது அந்த இடைவெளியைத்தான். மேலும், நீங்கள் வால்வு போட்டால் உங்கள் வீட்டுக்குள் ஏறியிருக்கும் நீர் வால்வு இல்லாத என் வீட்டில் ஏறும்.

ஈஜிபுரா வாசி
கால்வாயைக் கேட்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லையே. 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலையோரம் கோடிகள் பெறும் வில்லாக்களிலிருந்தே மக்களை டிராக்டரிலும் படகிலும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் கேட்டும் உடனே நடக்காதது நாம் கேட்டா நடக்கும்? கேட்பது ஒருபுறம் நடக்கட்டும். அதுவரை வீட்டைக் காப்பது என் பொறுப்பு.

அல்சூர் பிளம்பர்
இருவருமே தெருவில் ஓடும் இரண்டு வழிகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறீர்கள் என்பதால் எழுதுகிறேன். குளியலறை, கழிப்பறை நீர் போகும் யு.ஜி.டி. என்னும் பாதாளச் சாக்கடைக் குழாய் வேறு, மழைநீர் ஓடும் சாலையோரக் கால்வாய் வேறு. நான் திறந்து பார்த்த வீடுகளில் பலவற்றில் மொட்டைமாடிக் குழாயைக் கொண்டுவந்து யு.ஜி.டி. சேம்பரிலேயே சொருகியிருக்கிறார்கள். கழிவுநீரை மட்டும் கணக்கிட்டுப் போட்ட குழாயில் தெருவிலுள்ள மாடிகளின் மழை முழுவதும் இறங்கினால் அது எப்படித் தாங்கும்? உங்கள் நானி டிராப்பில் ஏறுவதில் ஒரு பங்கு எதிர்வீட்டு மாடியில் பெய்த மழைதான்.

வால்வைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதற்குள் இருப்பது கீலில் தொங்கும் ஒரு தட்டு, அவ்வளவுதான். முடிக்கற்றையோ தேங்காய் நாரோ பிளாஸ்டிக் உறையோ இடுக்கில் மாட்டிக்கொண்டால் தட்டு பாதி திறந்தபடியே நிற்கும்; வால்வு இருந்தும் இல்லாத கதைதான். மே மாத மழைக்கு முன்பு ஒருமுறை, ஆகஸ்டில் ஒருமுறை திறந்து கழுவியே ஆகவேண்டும். தட்டு மூடியிருக்கும் நேரத்தில் உங்கள் வீட்டு நீரும் வெளியே போகாது. அப்போது மேல்தளத்தில் யாராவது வாஷிங் மெஷினைப் போட்டால், அந்தச் சோப்பு நீர் உங்கள் தரைத்தளத்தில்தான் வந்து நிற்கும். மாடிக் குழாயும் அதே சேம்பரில் இருந்தால் கேட்கவே வேண்டாம்; வெளி வெள்ளத்தைத் தடுத்துவிட்டுச் சொந்த மாடி மழையில் மூழ்குவீர்கள்.

வாடகைக்காரி
ஐயா சொல்வது என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. தெரு முழுவதும் சேர்ந்து செய்யாமல் ஒரு வீடு மட்டும் தப்பிக்க வழியில்லை.

ஈஜிபுரா வாசி
தெரு முழுவதும் சேரும்வரை ஒரு வீடு செய்வதில் தவறில்லை என்பதுதான் இன்னமும் என் நிலை. மாடிக் குழாயை யு.ஜி.டி.யிலிருந்து பிரித்து மழைநீர்க் கிணற்றுக்கு முதலில் திருப்பிவிடுகிறேன். வால்வு அதற்குப் பிறகு. ஐயா, தரைக்கடியில் இருக்கும் குடிநீர்த் தொட்டியான சம்ப் பற்றியும் சொல்லுங்கள்.

அல்சூர் பிளம்பர்
சம்ப்பின் வாயைத் தரைமட்டத்திலிருந்து ஓரடியாவது உயர்த்திக் கட்டுங்கள். ரப்பர் வைத்த மூடி போடுங்கள். வெள்ளம் ஒருமுறை உள்ளே புகுந்துவிட்டால், முழுவதையும் இறைத்து, சுவரைத் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவாமல் மோட்டாரைப் போடாதீர்கள். போட்டால் அந்த அழுக்கு மாடித் தொட்டிக்கும் ஏறிவிடும்.

வாடகைக்காரி
அப்படியானால் வாடகை வீடுகளுக்கு ஒரு ஏற்பாடு வேண்டும். வால்வு போடும் செலவு வீட்டுக்காரருடையது, மே மாதமும் ஆகஸ்டிலும் அதைத் திறந்து கழுவுவது இன்னாருடையது, மழை கொட்டும்போது மேல்தளத்தார் குழாய்களைத் திறக்கக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுக்காரரிடம் நான் இதைத்தான் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.