அடித்துப் போட்டாற்போல் அசதி: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

இரவுப்பணி:
தொடர்ந்து ஐந்தாவது இரவு. விடியற்காலை 4 மணி. ஊசி மருந்தை ஏற்றிக்கொண்டு 14-ஆம் கட்டிலருகே போய் நின்றேன். நோயாளிக்குத் துணையாகத் தரையில் படுத்திருந்த அம்மாள் எழுந்து, "சிஸ்டர், இப்போதுதானே போட்டுவிட்டுப் போனீர்கள்?" என்றார். கேஸ் ஷீட்டைப் புரட்டினால் என் கையெழுத்து, 3.40. எழுதிய நினைவு துளியும் இல்லை. அவர் அசந்து தூங்கியிருந்தால்? இரண்டு வருடம் ஆகிறது. இன்றும் ஊசியை எடுத்தால் அந்த முகம்தான் வருகிறது.

கரூர்க்காரி:
மகளுக்குப் பின்னல் போடக் கையைத் தூக்கினேன். பாதியிலேயே கை தொய்ந்து விழுந்தது. "ஏம்மா நிறுத்திவிட்டாய்?" என்றாள். வீட்டில் ஒரு வருடமாக எனக்குச் சோம்பேறி என்று பெயர். ஹீமோகுளோபின் பார்த்தால் 7.4, பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாது. மாதவிலக்கில் அதிகம் போவதை யாரிடமும் சொன்னதில்லை. இரும்புச்சத்து மாத்திரையைக் காலை டீயோடு விழுங்கி இரண்டு மாதம் வீண். டீ இரும்பை உடம்பில் சேரவிடாது. சிஸ்டர், முதலில் உங்கள் ரத்தத்தைப் பாருங்கள்.

தனிமகன்:
எல்லாவற்றையும் ரத்தத்தில் தேடாதீர்கள் அம்மா. எனக்கு ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை எல்லாம் சரியாகவே இருக்கின்றன. என் அம்மாவுக்கு மறதி நோய், நான்காவது வருடம். அன்று வேலை முடிந்து வாசலில் வண்டியை நிறுத்தினேன். உள்ளே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். ஹெல்மெட் கொக்கியில் விரல் வைத்தபடி, தெருவிளக்கு எரியும்வரை வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். இதற்கு எந்த மாத்திரை?

பழைய ஓட்டுநர்:
திண்டிவனம் தாண்டிக் கண்ணைத் திறந்தபடியே தூங்கியிருக்கிறேன். பஸ் நடுத்திட்டை உரசிய சத்தத்தில்தான் விழித்தேன். செவிலிப் பெண்ணுக்குச் சொல்கிறேன்: 17 மணி நேரம் விழித்திருந்தால், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரைப் போலத்தான் கையும் கண்ணும் ஒத்துழைக்கும் என்று 1997-இலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். நம் சட்டப்படி 0.03-ஐத் தாண்டினாலே வண்டியைத் தொடக் கூடாது. காபி குடித்ததும் வேலை செய்யாது, இருபது முப்பது நிமிடம் ஆகும். அதைக் குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் படுத்துவிடுங்கள். எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். பகலில் தூங்கும் அறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டுங்கள். தம்பி, நீங்களும் வாரம் ஒரு நாளாவது யாரையாவது அம்மாவோடு இருக்கச் சொல்லுங்கள். கேட்காமல் யாரும் வரமாட்டார்கள்.

இரவுப்பணி:
ஐயா, கறுப்புத் துணி கட்டியிருக்கிறேன். ரத்தமும் பார்த்துவிட்டேன், 12.6. அந்த அம்மாளிடம் அன்று ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை. ஊசியை மறைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். மறுநாள் இரவு நான் வருவதற்குள் நோயாளியை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்.