தோட்டத்து இ.பி.எஃப் பிடித்தம்: தனியா எழுதுற நிருபர் எங்கிருந்து தொடங்குறது?

பால்மரம்:
வணக்கம். ஊர் மலேசியாவுல, சிலாங்கூர் பத்தாங் பெர்ஜுந்தை (பெஸ்தாரி ஜெயான்னு மாத்தி வருஷக்கணக்காச்சு, வாயில இன்னும் வரல). பக்கத்துத் தோட்டத்துல இ.பி.எஃப் (ஊழியர் சேமநிதி) பிடிக்கிறாங்க, கணக்குல ஏறலைன்னு நாலு பேர் சம்பளச் சீட்டு வச்சிருக்காங்க. தோட்டம் கைமாறுது, லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை) காலி பண்ணணும்னும் பேச்சு. எந்த ஏட்டுலயும் வேலையில் இல்லாம, சுயேச்சையா எழுதிக் கொடுக்க எதை முதல்ல உறுதிப்படுத்தணும்? சீட்டைப் படமாப் போடலாமா? வழக்கு வந்தா யார் தாங்குறது?

கணக்குப்புள்ள:
தம்பி, முதல்ல கணக்கு. சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்)னா தொழிலாளி பங்கு 11%, அதாவது 187. முதலாளி பங்கு 13%, 221. மொத்தம் 408 வெள்ளி அடுத்த மாசம் 15ஆம் தேதிக்குள்ள கட்டியாகணும். சீட்டுல 187 பிடிச்சிருந்து, இ.பி.எஃப் அறிக்கையில அந்த மாசம் காலியா இருந்தா அதுதான் செய்தி. அறிக்கையைத் தொழிலாளியே தன் கைப்பேசியில இறக்கணும். கிராணி (தோட்டத்து எழுத்தர்) எழுதிக் கொடுத்த தாள் எதுக்கும் ஆகாது.

நிறைய பேர் சறுக்குற இடம் ஓவர்டைம். அதுக்கு சொக்சோ (தொழிலாளர் சமூகக் காப்புறுதி) உண்டு, இ.பி.எஃப் கிடையாது. மொத்தச் சம்பளத்துக்கு 11% போட்டுப் பார்த்து "குறைச்சுட்டாங்க"ன்னு எழுதினா வக்கீல் கடிதம் வரும், அதுவும் நியாயமான கடிதமா இருக்கும். தாமதமாக் கட்டுறது வேற, கட்டவே கட்டாதது வேற. அதனால ஆளுக்கு 12 சீட்டு, 12 மாச அறிக்கை, பக்கத்துப் பக்கத்துல வச்சு அட்டவணை போடுங்க. நாலு பேரும் ஒரே பெரட்டுல (காலையில ஆள் கணக்கெடுக்கிற இடம்) நிக்கிறவங்கன்னா வேற டிவிஷன்ல ரெண்டு பேரைத் தேடுங்க.

லயத்துக்காரி:
சீட்டைப் படமாப் போடாதீங்க! பேர், ஐசி (அடையாள அட்டை) நம்பரைக் கறுப்படிச்சாப் போதும்னு நினைக்கிறாங்க. வேலை நாள் 23, கடன் பிடித்தம் 46.50, கைக்கு வந்தது 1,318.20ன்னு இருந்தா, இந்த மூணு எண்ணை வச்சுக் கிராணி செக்ரோலை (வேலைநாள், சம்பளப் பதிவேடு) புரட்டி அஞ்சு நிமிஷத்துல ஆளைச் சொல்லிடுவாரு. பல பேர் கணக்கைச் சேர்த்து முழு எண்ணாக்கின அட்டவணை மட்டும் வெளியே போகட்டும். அசலை ஆசிரியர் மட்டும் பார்த்தாப் போதும்.

வாட்ஸ்அப்புல சாதாரணப் படமா வந்தா எடுத்த தேதி, நேரம் உதிர்ந்துடும். டாகுமெண்டா அனுப்பச் சொல்லுங்க. அதுல எடுத்த இடமும் ஒட்டிக்கிட்டிருக்கலாம், அந்தக் கோப்பை யாருக்கும் தள்ளிவிடாதீங்க.

லயத்துக்குள்ள போய்ப் பேச வேணாம். கேட்டுல வண்டி நம்பர் எழுதினா யார் வீட்டுக்கு வந்தீங்கன்னு மத்தியானத்துக்குள்ள தெரிஞ்சிடும். சம்பளம் போட்ட மறுநாள் மளிகைக்கு டவுனுக்கு வருவாங்க, அப்பப் பாருங்க. 2010 தகவல் கொடுப்போர் பாதுகாப்புச் சட்டம் இருக்குன்னு தைரியம் சொல்லிடாதீங்க. அது அமலாக்கத் துறையில புகார் கொடுத்தவங்களுக்கு. நிருபர்கிட்ட பேசினவங்களுக்கு இல்ல.

கடுதாசி:
லயம் விஷயத்துக்கு நில அலுவலகம். லாட் எண்ணும் (நில எண்) முக்கிம் (வட்டாரம்) பேரும் இருந்தா கட்டணம் கட்டி "சாரியான் பெர்செண்டிரியான்" (தனியார் நிலத் தேடல்) யாரும் எடுக்கலாம். உரிமையாளர், அடமானம், கேவியட் (கைமாற்றத்தைத் தடுக்கிற பதிவு), நில நிபந்தனை அதுல வரும். "விவசாயம்"னு இருந்தது "கட்டடம்"னு மாறியிருந்தா அது வெறும் பேச்சு இல்ல. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலம்னா தேசிய நிலச் சட்டம் 214ஏ பிரிவையும் படிங்க, தோட்ட நில வாரியத்தோட அனுமதி வாங்கியாச்சான்னு எழுத்துல கேளுங்க. சிலாங்கூர்ல 2011 தகவல் அறியும் சட்டம் கைகொடுக்கும், ஆனா மாநில இலாகாக்களுக்கும் ஊராட்சிக்கும்தான். தொழிலாளர் இலாகா கூட்டரசு, அங்கே செல்லாது. "சூலிட்" (இரகசியம்), "தெர்ஹாட்" (வரையறுக்கப்பட்டது) முத்திரை குத்தின அரசாங்கத் தாளை யாராவது நீட்டினா, தொடுறதுக்கு முன்னாடி வக்கீல். 1972 அரசாங்க இரகசியச் சட்டத்துல வாங்கி வச்சிருந்தாலே மாட்டலாம்.

வழக்குச் செலவு ஒப்பந்தத்துல இருக்கு. "எல்லா இழப்புக்கும் எழுத்தாளரே பொறுப்பு"ன்னு ஒரு வரி ஒளிஞ்சிருந்தா எடுக்கச் சொல்லுங்க, முடியாதுன்னா உங்க சன்மானத் தொகைக்கு மேல போகாதுன்னு எழுதி வாங்குங்க. நிர்வாகத்துக்குக் கேள்வியை மாசம், தொகை போட்டு மின்னஞ்சல் பண்ணி அஞ்சு வேலைநாள் கொடுங்க. "இ.பி.எஃப் பத்தி உங்க கருத்து?"ன்னு மொட்டையாக் கேட்டா, பதில் கேட்டதா நீதிமன்றத்துல நிக்காது. அவதூறு வழக்குக்கு 6 வருஷக் கெடு, அதுவரைக்கும் நோட்டும் ரெக்கார்டிங்கும் பத்திரம். கட்டுரைக்கு முன்னாடி ஃபேஸ்புக்குல கொளுத்திப் போடுற பழக்கம் வேணாம். இணையப் பதிவுகளுக்கான தொடர்பு, பல்லூடகச் சட்டத்துல 233ஆவது பிரிவோட அபராத உச்சம் 2025லேர்ந்து 5 லட்சம் வெள்ளி.

பால்மரம்:
நன்றிங்க. இதை வச்சுப் பிழைக்க முடியுமா?

கணக்குப்புள்ள:
தமிழ்ல மட்டும் எழுதினா கஷ்டம்தான். ஒரே ஆதாரக் கட்டை மலாய், ஆங்கில ஏட்டுக்கும் கொடுக்கணும், அதனால மறுபதிப்பு உரிமையை விட்டுக்கொடுக்காதீங்க. பெட்ரோல், நிலத் தேடல் ரசீதெல்லாம் ஒரு உறையில போட்டு வைங்க. வருமான வரி ஃபாரம் பி (சொந்தத் தொழில் பண்றவங்க படிவம்) ஜூன் 30க்குள்ள, அப்பத் தேடினா ஒண்ணும் கிடைக்காது.