புதுப்பிப்பு: டேக்கோமீட்டர் முள் இப்போது துள்ளவில்லை

பைக்கில் வீட்டிலேயே டேக்கோமீட்டரும் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது, அதாவது ஆர்பிஎம், காட்டும் மீட்டர்) வோல்ட்மீட்டரும் மாட்டினேன், டேக்கோ முள் துள்ளுகிறது, ஆர்பிஎம்மும் இரண்டு மடங்காகக் காட்டுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். இரண்டும் சரியாகிவிட்டன. யோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இரண்டு மடங்குக்குக் காரணம் செட்டிங்தான். ஒற்றை சிலிண்டர் 4 ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோல் எரிவது 2 சுற்றுக்கு ஒருமுறை. ஆனால் பல பைக்குகளில் ஸ்பார்க் ஒவ்வொரு சுற்றிலும் அடிக்கும், என் பைக்கும் அப்படித்தான். மீட்டரில் ஒரு சுற்றுக்கு 1 பல்ஸ் (ஒரு ஸ்பார்க்குக்கு ஒரு சிக்னல்) என்று மாற்றியதும் ஐட்லிங் (ஆக்சிலேட்டர் கொடுக்காதபோது ஓடும் வேகம்) 1,400-க்கு வந்து நின்றது.

முள் துள்ளியதுதான் பாடாய்ப் படுத்தியது. டேங்கைக் கழற்றிப் பார்த்தால், டேக்கோவின் சிக்னல் வயர் ஸ்பார்க் பிளக் வயரோடு ஒரே கேபிள் டையில் கட்டுண்டு கிடந்தது. ஸ்பார்க் அடிக்கும்போதெல்லாம் அதன் மின் இரைச்சல் சிக்னலில் ஏறும். வயரைப் பிரித்து ஃபிரேமின் மறுபக்கமாகக் கொண்டுபோனேன். எர்த்தையும் ஹேண்டில்பார் போல்ட்டிலிருந்து எடுத்து நேராக பேட்டரி நெகட்டிவில் கொடுத்தேன். ஹேண்டில்பார் போல்ட்டில் பெயின்ட்டும் கிரீஸும் இருப்பதால் எர்த் உறுதியாகக் கிடைக்காது. அப்புறம் முள் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு ஏறுகிறது.

வோல்ட்மீட்டரில் தொல்லையே இல்லை. இக்னிஷன் ஆன் செய்தால் மட்டும் கரன்ட் வரும் லைனில், 1 ஆம்ப் ஃபியூஸ் போட்டு எடுத்திருக்கிறேன். ஆக்சிலேட்டர் கொடுத்தால் 14.2 வோல்ட் காட்டுகிறது. மழையில் கனெக்டர்கள் எப்படித் தாங்குகின்றன என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.