ஃபெலனாப்சிஸ் ஆர்கிட்: கதம்பை (தேங்காய் மட்டை), கரி போதுமா?

எல்லாருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் இருக்கேன். அம்மா ஆசையா வளர்க்குற ஃபெலனாப்சிஸ் ஆர்கிட் பூத்து முடிஞ்சாச்சு, இனி தொட்டி மாத்தணும். கடையிலிருந்து வந்தப்போ வேரைச் சுத்தி ஸ்பேக்னம் பாசி இறுக்கமா இருந்துச்சு. நம்ம ஊர்ல ஜூன்லயும் மழை, அக்டோபர்லயும் மழை. அந்த ஈரத்துல பாசி காயவே மாட்டேங்குது, வேர் அழுகிடுமோன்னு பயமா இருக்கு. மரத்துல ஒட்டி வளருற செடி, வேருக்குக் காத்து வேணும்ல.

கதம்பைத் துண்டும் மரக்கரியும் கலந்து வைக்கலாம்னு நினைக்கிறேன். கதம்பையில உப்பு இருக்கும், எத்தனை நாள் ஊற வச்சுக் கழுவணும்? கரி எவ்வளவு சேர்க்கலாம்? வேர் வெள்ளையா வெளிறினா தண்ணி, பச்சையா இருந்தா வேண்டாம்னு பார்த்துதான் ஊத்துறேன். குருத்துல தேங்க விடுறதில்ல. மழைக்காலத்துக்கும் இதே கணக்கு போதுமா? மார்த்தாண்டம், தக்கலை பக்கம் வளர்க்குறவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க.