டாஷ்போட் பிளாஸ்ரிக் வெட்டேக்க உருகுது, கெதியா ஆராவது சொல்லுங்கோ

பரந்தன்_சந்தி:
எல்லாருக்கும் வணக்கம். வாகனத்துக்குப் பாட்டுக் கேக்கிற பிளேயர் ஒண்டு வாங்கினனான், பூட்டப் பாத்தா உள்ள போகுதில்லை. நடுப் பனலில கொஞ்சம் வெட்டத்தான் வேணும் போல கிடக்கு. மினி டிரில்லில வட்ட பிளேட் போட்டு வெட்டினா பிளாஸ்ரிக் உருகிப் பிசின் மாதிரி பிளேட்டில ஒட்டுது. வெட்டிக்கொண்டு போக, வெட்டின இடம் பின்னால திரும்பவும் ஒட்டிப்போகுது. ஓரமெல்லாம் கட்டி கட்டியா நிக்குது. வடிவா வெட்ட என்ன வழி? ஞாயிறு முல்லைத்தீவில கலியாண வீடு, அதுக்கிடையில முடிக்கோணும்.

மாங்குளம்_கராஜ்:
என்ன வாகனம்? பிளேயர் 7 இஞ்சியோ 9 இஞ்சியோ? வெட்டப்போறது கண்ணுக்குத் தெரியிற முகப்போ, உள்பக்கமோ? மினி டிரில்லை என்ன வேகத்தில விட்டனீங்கள்? இதெல்லாம் சொன்னாத்தான் தம்பி ஏதும் சொல்லலாம்.

வயறிங்_வவுனியா:
படம் ஒண்டு போடுங்கோ. அதோட, பனலைக் கழட்ட முதல் பெட்டரி நெகற்றிவ்வைக் கழட்டினீங்களோ? எயார்பேக் உள்ள வாகனமெண்டா கழட்டி ஆகக் குறைஞ்சது 90 செக்கனாவது விடச்சொல்லி ரொயோட்டாவே சொல்லுது. டாஷ்போட்டில கை வைக்கிற எல்லாரும் இதைச் செய்யுங்கோ.

கிறைண்டர்_தம்பி:
மினி டிரில்லை வையுங்கோ அண்ணை. நாலரை இஞ்சி கிறைண்டருக்கு மெல்லிய டிஸ்க் போட்டு ஒரே இழுவை, அலுவல் முடிஞ்சுது. நான் பம்பருக்கு ஃபொக் லைட் ஓட்டை போடுறதே அப்பிடித்தான்.

மாங்குளம்_கராஜ்:
பம்பர் வேற, உள்பனல் வேற. கிறைண்டர் நிமிசத்துக்கு 11,000 சுற்று சுத்தும், டிஸ்க் பெரிசு. நேர்க்கோட்டில ஓடும், மூலையில வந்து நிக்காது. கோட்டைத் தாண்டினா அந்தப் பனல் அவ்வளவுதான். தம்பிக்கு ஏற்கனவே சூட்டாலதான் பிரச்சினை, அதுக்கு இன்னும் சூட்டைக் குடுக்கச் சொல்லுறீரே.

பழைய_மெக்கானிக்:
இப்ப வாற பெடியளுக்கு ஆயுதம் வாங்கத் தெரியும், பொருளைப் படிக்கத் தெரியாது. முதல் அது என்ன பிளாஸ்ரிக் எண்டு பாக்கோணும். ஏபிஎஸ் (ABS) ஒரு சாதி, பீபீ (PP) இன்னொரு சாதி. ஏபிஎஸ் 100 பாகையைத் தாண்டவே இளகத் துவங்கிடும். பீபீ 160 வரைக்கும் நிக்கும், பிறகு உருகி நூலா இழுபடும். ஒரு சின்னத் துண்டை வெட்டித் தண்ணியில போடு. மிதந்தா பீபீ, தாழ்ந்தா ஏபிஎஸ். இந்த அடிப்படை தெரியாத ஆக்கள் கராஜில குடுக்கிறதுதான் நல்லது.

முள்ளியவளை_ஆசிரியை:
ஐயா, தண்ணிப் பரிசோதனை வீட்டுச் சாமானுக்குச் சரிவரும், வாகனத்துக்குச் சரிவராது. வாகனப் பனலுக்குப் பாவிக்கிற பீபீயில கனக்க டல்க் தூள் கலந்திருக்கும். 20 வீதம் கலந்தாலே தண்ணியை விடப் பாரமாகி அதுவும் தாழும். அப்ப ஏபிஎஸ் எண்டு நினைச்சு ஒட்டப் போய் ஒண்டும் ஒட்டாது. பனலைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கோ, ரெண்டு அம்புக்குறிக்கு நடுவில எழுத்து அச்சில வார்த்திருக்கும். அதை வாசிச்சாக் காணும். எழுத்து இல்லாட்டி, பின்பக்கம் தெரியாத இடத்தில பஞ்சால ஒரு துளி அசிற்றோன் தொட்டுப் பாருங்கோ. பிசுபிசுத்தா ஏபிஎஸ், ஒண்டும் நடக்காட்டி பீபீ.

பழைய_மெக்கானிக்:
நான் பாத்த பனலுகளுக்கு ஒரு எழுத்தும் வாசிச்சதில்லை பிள்ளை. கை சொல்லும்.

முள்ளியவளை_ஆசிரியை:
உங்கட கைக்குச் சொல்லும் ஐயா, நான் மறுக்கேல்லை. முதல்தரம் வெட்டிற பெடியனுக்கு எழுத்துத்தான் சொல்லும்.

பரந்தன்_சந்தி:
மன்னிக்கோணும், கடையில நிண்டனான். ரொயோட்டா 121 கொரோலா. 9 இஞ்சி அன்ட்ரொயிட், சட்டத்தோட வந்தது. பின்னால ஏபிஎஸ் எண்டு இருக்கு. மினி டிரில் முழு வேகம். முகப்பில இன்னும் வெட்டேல்லை, பின்பக்கம் இடது கீழ் மூலையில கொஞ்சம் வெட்டினனான், அதுதான் உருகினது.

மாங்குளம்_கராஜ்:
நல்ல காலம் முகப்பைத் தொடேல்லை. இனியும் தொடாதேங்கோ. ரொயோட்டாவில பிளேயர் பூட்டிற வாய் 200க்கு 100 மில்லிமீற்றர். 9 இஞ்சிப் பிளேயரின்ர திரை வெளியில நிக்கும், உள்ள போற பெட்டி அனேகமா 178க்கு 100தான். பெட்டியை அளந்து பாருங்கோ. அளவு அதெண்டா வாயை அகட்டத் தேவையே இல்லை, பக்கத்துக்கு 11 மில்லி இடம் மிச்சம் வரும். முட்டுறது பனலுக்குப் பின்னால பலத்துக்கு நிக்கிற பிளாஸ்ரிக் விலா அல்லது பழைய பிராக்கெட்டின்ர காலாத்தான் இருக்கோணும். பிளேயர் பெட்டியின்ர விளிம்பில சோக்கட்டியைத் தேய்ச்சு ஒருக்கா உள்ள தள்ளி எடுங்கோ, எந்த இடம் முட்டுதோ அங்க வெள்ளை பிடிக்கும். அந்த இடத்தை மட்டும் எடுங்கோ.

இப்ப வெட்டிற விசயம். மினி டிரில் சிலது 35,000 சுற்று வரைக்கும் போகும், அந்த வேகத்தில பிளேட் வெட்டாது, தேய்ச்சுச் சூடாக்கும். மிசினாலதான் வெட்டோணுமெண்டா ஆகக் குறைஞ்ச வேகம், பல்லு அகலமான பிளேட், கொஞ்சம் வெட்டி கொஞ்சம் ஆற விடோணும். ஆனா இந்தச் சின்ன வேலைக்கு நான் மிசின் எடுக்க மாட்டன். ஹக்சோ பிளேட்டில பாதி, ஒரு பக்கத்துக்கு துணியும் டேப்பும் சுத்தினா அதுவே பிடி. பிளேட்டைச் சரிச்சுப் பிடிச்சு இழுங்கோ, நிமித்திப் பிடிச்சா பல்லு கொழுவிப் பனல் வெடிக்கும்.

வெட்ட முதல் மூலையில 3 மில்லி ஓட்டை போட்டு அதை 6 ஆக்குங்கோ, வெட்டு அந்த ஓட்டையில வந்து முடியோணும். இதை மட்டும் தயவுசெய்து விடாதேங்கோ. கூர் மூலை விட்டா உடனே ஒண்டும் தெரியாது. எங்கட கிரவல் றோட்டில கொஞ்ச நாள் குலுங்க, அந்த மூலையில இருந்துதான் முகப்புக்கு வெடிப்பு ஓடும். 121 எல்லாம் வெயில் குடிச்ச பிளாஸ்ரிக், இளக்கம் குறைஞ்சு போச்சு.

கோடு மாஸ்கிங் டேப் ஒட்டி அதுக்கு மேல கீறுங்கோ. கோட்டுக்கு ஒண்டு ஒண்டரை மில்லி உள்ளுக்க நிண்டு வெட்டிப் போட்டு, மிச்சத்தை அரத்தால எடுங்கோ. அரம் முகப்புப் பக்கமிருந்து பின்பக்கம் போகோணும், திருப்பிப் போனா முகப்பு ஓரம் பிசிறு கிளம்பும்.

ஒட்டுசுட்டான்_வாசி:
ஹக்சோ பிளேட் இஞ்சிக்கு 18 பல்லோ 24 பல்லோ நல்லது? ஹாட்வெயர்க் கடையில 18தான் இருக்கு.

கிறைண்டர்_தம்பி:
18. இடைவெளி கூட, தூள் அடைக்காது.

மாங்குளம்_கராஜ்:
மெல்லிய பிளாஸ்ரிக்குக்கு 24. ரெண்டு மூண்டு பல்லாவது ஒரே நேரத்தில பொருளில நிக்கோணும், இல்லாட்டி கொழுவும். 18 மட்டுந்தான் இருந்தா நல்லாச் சரிச்சுப் பிடிச்சா வெட்டலாம்.

வயறிங்_வவுனியா:
அந்த உருகின கட்டியளைச் சூட்டோட துடைக்காதேங்கோ. ஆறின பிறகு கத்தியால நெம்பினா அப்பிடியே கழண்டு வரும். தூள் கண்ணுக்கும் மூக்குக்கும் கூடாது, மாஸ்க் போடுங்கோ.

நெடுங்கேணி_ரமணா:
எனக்கு ஒண்டு விளங்கேல்லை. ஒரிஜினல் பனலை ஏன் வெட்டுவான்? கொழும்பு பஞ்சிகாவத்தையில பழைய பனல் ஒண்டு எடுத்து அதை வெட்டினா ஒரிஜினல் பத்திரமா இருக்குமெல்லோ.

ஒட்டுசுட்டான்_வாசி:
இங்கயிருந்து கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல. ஒரு பனலுக்காக ஏ9இல இறங்குறதோ?

நெடுங்கேணி_ரமணா:
பஸ்ஸில போட்டுவிடச் சொன்னா வரும். 2020 மார்ச்சில இறக்குமதியை நிப்பாட்டினதில இருந்து பழைய வாகனத்தின்ர விலை என்னெண்டு எல்லாருக்கும் தெரியும். 2025 பெப்ரவரியில திரும்பத் திறந்தாலும் வரியோட புதுசு வாங்க எங்களால ஏலுமோ? இருக்கிற வாகனம்தான் எங்களுக்குச் சொத்து. அதை வெட்டிக் காயப்படுத்தினா விக்கேக்க வாங்குறவன் அதைத்தான் முதல் காட்டுவான்.

கிறைண்டர்_தம்பி:
விக்கிறதுக்காகவோ வாகனம் வச்சிருக்கிறம்? ஓடுறதுக்கு.

பழைய_மெக்கானிக்:
ரெண்டு பேரும் வேற இடத்தில போய்ச் சண்டை பிடியுங்கோ. பெடியன் கேட்டது வெட்டிற விதம்.

நெடுங்கேணி_ரமணா:
சண்டை இல்லை ஐயா. உள்பக்கம் மட்டும் எண்டா வெட்டட்டும். முகப்பெண்டா நான் சொன்னதுதான், மாத்த மாட்டன்.

முள்ளியவளை_ஆசிரியை:
கூட வெட்டுப்பட்டா ஏபிஎஸ்ஸுக்கு வழி இருக்கு. வெட்டின அதே தூளையும் துண்டையும் ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தலில போட்டு அசிற்றோன் விட்டு வையுங்கோ, கரைஞ்சு களியா வரும். பின்பக்கத்தால அப்பி ஒரு இரவு விட்டா நல்லாப் பிடிக்கும், பேந்து அரம் போடலாம். யன்னலைத் திறந்து வச்சுச் செய்யுங்கோ, நெருப்புக் கிட்ட வேண்டாம். பீபீக்கு இது சரிவராது, அதைச் சூடு வச்சுத்தான் ஒட்டோணும். அதோட தம்பி, சட்டத்துக்கும் பனலுக்கும் நடுவில இடைவெளி விட்டா புழுதி முழுக்க பிளேயருக்குள்ளதான் போகும். மெல்லிய ஃபோம் டேப் சுத்தி ஒட்டிப் போட்டு இறுக்குங்கோ, கரகர சத்தமும் வராது.

வயறிங்_வவுனியா:
தம்பி, என்ன மாதிரி, சரிவந்ததோ?

பரந்தன்_சந்தி:
ஓம் அண்ணை. சோக்கட்டி பிடிச்சுப் பாத்ததில விலா ஒண்டுதான் முட்டினது. ஓட்டை போட்டு 24 பிளேட்டால எடுத்தன், உருகேல்லை, முகப்பைத் தொடேல்லை. பூட்டியாச்சு. எல்லாருக்கும் நன்றி, வெளிக்கிடுறம்.

ஒட்டுசுட்டான்_வாசி:
போக முதல் ஒண்டு, அந்தச் சட்டம் எங்க வாங்கினீங்கள்? எனக்கும் 121தான்.

ஒட்டுசுட்டான்_வாசி:
தம்பி இருக்கிறீங்களோ?